விரலில்லாத சொடுக்கு

திரையில் தோன்றும் ஒரு பொத்தானை மனிதர் ஒருவர் சுட்டெலியால் சொடுக்கும்போது அவர் செய்வது ஒரே காரியம் போலத் தோன்றினாலும், அவருடைய கண்ணும் மனமும் விரலும் சேர்ந்து, அவர் அறியாமலே, பல காரியங்களை முடித்துவிடுகின்றன. பக்கம் முழுவதையும் நோக்கி வேண்டிய பொத்தான் எங்கே இருக்கிறதென்று தேர்கின்றன. அது திரையின் எல்லைக்குக் கீழே இருந்தால் பக்கத்தை நகர்த்துகின்றன. அது அசைந்துகொண்டிருந்தால் நிற்கும்வரை பொறுத்திருக்கின்றன. வேறொன்று அதன்மேல் வந்து மூடியிருந்தால் முதலில் அதை விலக்குகின்றன. எல்லாம் சரியென்று கண்ட பின்னரே விரல் இறங்குகிறது. இவற்றுள் எதையும் நாம் எண்ணிச் செய்வதில்லை. ஆனால் மனிதருக்குப் பதிலாக ஒரு நிரல் அந்தப் பொத்தானைச் சொடுக்க வேண்டுமென்று விரும்பும் கணத்திலேயே, இக்காரியங்கள் யாவும் தனித்தனிப் பிரச்சினைகளாக எழுந்து நின்று, தமக்கென்று ஒரு விதியை வகுத்துத் தரும்படி கேட்கின்றன.

நிரல் எதற்காகப் பொத்தானைச் சொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுவோம். ஒரு வங்கியின் வலைத்தளத்தையோ ரயில் முன்பதிவுத் தளத்தையோ எடுத்துக்கொண்டால், அதை எழுதியவர்கள் அதில் எதையாவது இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஓரிடத்தில் செய்த சிறு திருத்தம், அதனோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாததாகத் தோன்றும் வேறோரிடத்தைக் கெடுத்துவிடுவது இத்தொழிலில் அன்றாடச் சம்பவம். ஆகவே, ஒவ்வொரு மாற்றத்திற்குப் பிறகும் பழைய வசதிகள் யாவும் முன்போலவே இயங்குகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். உள்ளே நுழைந்து, பெயரை எழுதி, தேதியைத் தேர்ந்து, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தி, ரசீது வருகிறதா என்று நோக்கும் இந்த வேலையை மனிதரே நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செய்வதென்றால், அலுப்பினால் கண் தவறும். தவறிய இடத்தில்தான் பிழையும் ஒளிந்திருக்கும். இந்நூலை வாசிப்போரில் சிலருடைய வீட்டிலேயே ‘டெஸ்டிங்’ வேலை பார்க்கும் மகனோ மகளோ இருக்கக்கூடும். அவர்கள் எழுதும் நிரல்களில் பெரும்பகுதி, ஓர் உலாவியைத் திறந்து, அதற்குள் மனிதர் செய்வனவற்றைத் தாமே செய்து, பலனைச் சரிபார்க்கும் நிரல்களாகும்.

2004 ஆம் ஆண்டில் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், ஊழியர்களின் வேலை நேரத்தையும் செலவையும் பதிவு செய்யும் ஓர் அலுவலகச் செயலியைச் சோதிக்கும் பொருட்டு, உலாவிக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு சாதனத்தை இயற்றினார். அதுவே பின்னர் செலினியம் என்ற பெயரோடு உலகெங்கும் பரவியது. அக்காலத்து உலாவிகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டிருந்தபோதிலும், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் ஓடியது. ஆதலால், சோதனை நிரலைப் பக்கத்தின் உள்ளேயே புகுத்திவிட்டால் எந்த உலாவியிலும் சோதனை செய்யலாம் என்பது ஹக்கின்ஸ் கண்ட உபாயம். எளிமையும் துணிவும் ஒருங்கே அமைந்த உபாயம் அது. ஆனால் அதன் பலமாக இருந்த லட்சணமே அதன் பலவீனமாகவும் இருந்தது என்பதை உணர, சொடுக்கு என்பது உலாவியின் பார்வையில் எத்தகைய வஸ்து என்பதைச் சற்று நின்று ஆராய வேண்டும்.

விரல் சுட்டெலியின் பொத்தானை அழுத்தும்போது, அச்செய்தி முதலில் கணிப்பொறியின் இயக்க முறைமைக்கும், அதிலிருந்து உலாவிக்கும் போய்ச் சேருகிறது. அழுந்திய இடத்தைப் பற்றி உலாவிக்கு அப்போது கிடைப்பது இரண்டு எண்கள் மட்டுமே: இடமிருந்து இத்தனை பிக்சல், மேலிருந்து இத்தனை பிக்சல். அந்தப் புள்ளியில் எந்தப் பொத்தான் இருக்கிறது, எந்தச் சொல் இருக்கிறது என்பது இயக்க முறைமைக்குத் தெரியாது. பக்கத்தின் உறுப்புகள் யாவும் எந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டப்பட்டன என்ற கணக்கை உலாவி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கொண்டு, குறிப்பிட்ட புள்ளியில் எல்லாவற்றிற்கும் மேலே இருக்கும் உறுப்பு எது என்று அது தேடிக் கண்டுபிடிக்கிறது. அதன் பிறகு அந்த உறுப்புக்கு ‘பொத்தான் அழுந்தியது’ என்ற நிகழ்வையும், விரல் எடுபட்டதும் ‘பொத்தான் விடுபட்டது’ என்ற நிகழ்வையும் அனுப்புகிறது. அழுந்திய இடமும் விடுபட்ட இடமும் ஒரே உறுப்பினுள் அமைந்தால்தான் மூன்றாவதாக ‘சொடுக்கு’ என்ற நிகழ்வு அந்த உறுப்புக்குப் பிறக்கிறது. ஒரு பொத்தானை அழுத்திய பின் மனம் மாறி, விரலை எடுக்காமலே சுட்டியை அப்பால் நகர்த்தி விட்டுவிட்டால் எதுவும் நடக்காமற்போவதை வாசகர் தாமே பரீட்சித்துப் பார்க்கலாம். பிறந்த நிகழ்வும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கம் என்பது உறுப்புக்குள் உறுப்பாக அடுக்கப்பட்ட ஒரு மரமாதலால், நிகழ்வு வேரிலிருந்து கிளை வழியாக இலைக்கு இறங்கி, மீண்டும் இலையிலிருந்து வேருக்கு ஏறுகிறது. வழியில் எந்தக் கிளையிலும் அதைக் கேட்டுக் காரியம் செய்யும் நிரல் காத்திருக்கலாம்.

இவ்வளவும் விரல் செய்யும் சொடுக்கின் கதை. பக்கத்தின் உள்ளே ஓடும் நிரலோ, புள்ளியைப் பற்றியும் தீட்டிய வரிசையைப் பற்றியும் கவலைப்படாமல், தான் விரும்பும் உறுப்பை நேரே அழைத்து, ‘நீ சொடுக்கப்பட்டாய்’ என்று அறிவித்துவிட முடியும். அப்போது அழுந்தலும் இல்லை, விடுதலும் இல்லை. சொடுக்கு என்ற நிகழ்வு மட்டும் தனியே பிறக்கிறது. அந்த உறுப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தாலும், பக்கத்தின் அடியில் ஆயிரம் பிக்சல் கீழே கிடந்தாலும், வேறொன்றால் முழுதும் மூடப்பட்டிருந்தாலும் நிகழ்வு தவறாமல் போய்ச் சேரும். உலாவிகள் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கின்றன. ஒவ்வொரு நிகழ்வின்மீதும் அது நம்பத்தக்கதா என்று கூறும் ஒரு முத்திரை இருக்கிறது. விரலால் பிறந்த நிகழ்வுக்கு ‘ஆம்’ என்றும், பக்கத்தின் நிரல் தானே உண்டாக்கிய நிகழ்வுக்கு ‘இல்லை’ என்றும் உலாவி அதில் பதிக்கிறது. புதிய சாளரத்தைத் திறத்தல், திரை முழுவதையும் ஆக்கிரமித்தல் போன்ற சில சலுகைகள் மனிதரின் மெய்யான செய்கையைத் தொடர்ந்தே தரப்படுவதால், நிரல் தானே உண்டாக்கிய சொடுக்கினால் அவற்றைப் பெற இயலாது.

ஹக்கின்ஸின் சாதனம் பக்கத்தினுள் வாழ்ந்தமையால் இந்தக் குறைபாடுகள் அதற்கும் உரியவையாயின. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் வேறொரு தளத்தின் பக்கத்தைத் தொடலாகாது என்ற உலாவிகளின் பாதுகாப்பு விதியும் அதற்கு முட்டுக்கட்டையாக நின்றது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாக உலாவியை நம்ப வைக்க, நடுவே ஓர் இடைத்தரகு நிரலை நிறுத்த வேண்டியதாயிற்று. இந்நிலையில், முதலில் தாட்வொர்க்ஸிலும் பின்னர் கூகிளிலும் பணியாற்றிய சைமன் ஸ்டூவர்ட் என்பவர் நேர் எதிரான வழியை மேற்கொண்டார். 2007 ஆம் ஆண்டளவில் வெளிவந்த அவருடைய வெப்டிரைவர், பக்கத்தின் உள்ளே குடியேறாமல், அதற்கு வெளியிலிருந்தபடி ஒவ்வோர் உலாவியையும் அததற்குரிய வாயில் வழியாக ஓட்டியது. இயன்ற இடங்களில் இயக்க முறைமையின் மட்டத்திலிருந்தே அழுத்தலையும் விடுதலையும் செலுத்தியது. 2009இல் இரு முயற்சிகளையும் இணைப்பதென்று முடிவாகி, 2011 ஜூலையில் செலினியத்தின் இரண்டாம் பதிப்பாக அவை ஒன்றாயின. பின்னர் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதனை ஒரு நியமமாக வகுக்கும் பணியை ஏற்றுக்கொள்ள, ஸ்டூவர்ட்டும் டேவிட் பர்ன்ஸும் பதிப்பாசிரியர்களாக இருந்து உழைத்ததன் பலனாக, 2018 ஜூன் 5 அன்று வெப்டிரைவர் நியமம் அதிகாரபூர்வமாக வெளியாயிற்று.

அந்த நியமத்தில் ‘உறுப்பைச் சொடுக்குதல்’ என்ற பகுதியை நான் மிகுந்த மதிப்போடு வாசிப்பதுண்டு. மனிதர் எண்ணாமல் செய்துவிடும் ஒரு செய்கையை, ஓர் இயந்திரமும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாதபடி படிப்படியாகப் பிரித்து எழுதிய அந்த வாசகங்களில், அலங்காரம் ஏதும் இல்லாவிட்டாலும், ஆழ்ந்த கவனிப்பு இருக்கிறது. உறுப்பு பார்வையில் இல்லையென்றால் முதலில் அதைப் பார்வைக்குள் கொண்டுவர வேண்டும்; அதன் பின்னும் பார்வையில் படாவிட்டால் ‘இவ்வுறுப்போடு செயற்பட இயலாது’ என்று பிழை கூற வேண்டும்; பட்டால், அதன் மையப்புள்ளியைக் கணக்கிட வேண்டும். 120 பிக்சல் அகலமும் 40 பிக்சல் உயரமும் உடைய பொத்தானின் மேல் இடது மூலை 300க்கு 500 என்ற இடத்தில் இருந்தால், மையம் 360க்கு 520 என்பது பள்ளிப்பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. ஆனால் ஒரு பத்தியின் நடுவே வரும் நீண்ட இணைப்புச் சொற்றொடரை எண்ணிப் பாருங்கள். அதன் முதற்பாதி ஒரு வரியின் வலக்கோடியிலும், மறுபாதி அடுத்த வரியின் இடக்கோடியிலும் விழுந்திருக்கிறது. இரண்டு பாதிகளையும் உள்ளடக்கும் ஒரே கட்டத்தை வரைந்து அதன் மையத்தைக் குறித்தால், அந்தப் புள்ளி இணைப்பின்மேல் விழாமல், அதோடு தொடர்பில்லாத வேறு சொற்களின்மேலோ வரிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்திலோ விழுந்துவிடும்! இதனை முன்னறிந்தே நியமம், உறுப்பு பல துண்டுகளாகப் பிரிந்திருந்தால் முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் திரைக்குள் தெரியும் பகுதியின் மையத்தையே கொள்ள வேண்டுமென்று விதிக்கிறது. கண்ணுள்ள மனிதருக்கு ஒருபோதும் எழாத ஐயம் இது. விரலில்லாத சொடுக்குக்கோ இதைத் தீர்க்காமல் ஓரடியும் நகர முடியாது.

மையம் கிடைத்த பிறகு, உலாவி விரலுக்காகச் செய்யும் அதே தேடலைச் செய்து பார்க்க வேண்டும்: அந்தப் புள்ளியில் எல்லாவற்றிற்கும் மேலே இருப்பது நாம் நாடிய உறுப்போ அதன் உள்ளுறுப்போதானா? பொத்தானுக்குள் ஒரு சிறு படமும் அதனருகே ஒரு சொல்லும் இருந்து, புள்ளி அந்தப் படத்தின்மேல் விழுந்தால் குற்றமில்லை. படம் பொத்தானின் குழந்தையாதலால், நிகழ்வு ஏறும் வழியில் பொத்தானை அடைந்தே தீரும். அந்நியமான ஒன்று மேலே இருந்தால் மட்டும், ‘சொடுக்கு இடைமறிக்கப்பட்டது’ என்ற பிழையைக் கூறி நிறுத்திவிட வேண்டும். எந்தப் புள்ளியில், எந்த உறுப்பு குறுக்கே நின்றது என்பதையும் உலாவிகள் சேர்த்தே தெரிவிக்கின்றன. குறுக்கே யாரும் இல்லையென்றால் சுட்டியை அங்கே நகர்த்தி, அழுத்தி, விடுவதோடு காரியம் முடிகிறது. அவ்வாறு பிறக்கும் சொடுக்கு ‘ஆம்’ என்ற முத்திரையைப் பெறுகிறது. கீழே விரியும் பட்டியலின் உருப்படிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அப்பட்டியலை உலாவி பல சமயம் பக்கத்தின் பரப்பில் தீட்டாமல் இயக்க முறைமையைக் கொண்டு வரைவித்துக்கொள்வதால், புள்ளியைக் குறித்துச் சொடுக்கும் முறை அங்கே செல்லாது. ஆகவே நிகழ்வுகளின் வரிசையை நேரடியாக உண்டாக்க நியமம் அனுமதி தருகிறது.

இடைமறிப்புப் பிழை எங்கே அதிகம் எழுகிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. உறுப்பைப் பார்வைக்குள் கொண்டுவரும்போது, அதன் கீழ் விளிம்பு சாளரத்தின் கீழ் விளிம்போடு பொருந்துமாறு பக்கத்தை நகர்த்த வேண்டுமென்பது நியமம். இக்காலத்துத் தளங்களோ, குக்கீகளுக்குச் சம்மதம் கேட்கும் பட்டையையும், உரையாட அழைக்கும் சிறு வட்டத்தையும் மிகச் சரியாக அந்தக் கீழ் விளிம்பிலேயே ஒட்டிவைத்திருக்கின்றன. ஆகவே, கீழேயிருந்து மேலே கொண்டுவரப்படும் பொத்தான் நேரே அந்தப் பட்டையின் அடியில் வந்து நிற்கிறது, சோதனை தோல்வியுறுகிறது.

இங்கேதான் சோதனையாளருக்கு ஒரு பெரும் சபலம் ஏற்படுகிறது. செலினியத்தின் வழியாகவே பக்கத்துக்குள் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்டைச் செலுத்தி, உறுப்பை நேரே அழைத்துச் சொடுக்கச் செய்ய முடியும். பிற்காலத்துச் சாதனங்கள் சிலவற்றில் ‘வலிந்து சொடுக்கு’ என்று ஒரு சொல் சேர்த்தாலே தடைகளைப் பற்றிய விசாரணை யாவும் கைவிடப்படும். மாலைக்குள் வேலை முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இவ்வரியை எழுதாத சோதனையாளர் அரிது. அதன் விளைவாகச் சோதனை பச்சை விளக்கைக் காட்டுகிறது; அனைவரும் நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள். ஆயினும் அந்தப் பச்சை விளக்கின் பொருள் என்ன? பணம் செலுத்தும் பொத்தானை ஒரு பட்டை மூடிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியின் சிறு திரையில் அந்தப் பட்டையை விலக்கவும் வழியில்லை. வாங்க வந்தவர் எவராலும் வாங்க முடியவில்லை. சோதனை மட்டும் நாள்தோறும் வெற்றிகரமாக வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். மனிதருக்கு இயலாத ஒன்று தனக்கும் இயலாது என்று ஒப்புக்கொள்வதே, என் அபிப்பிராயத்தில், சோதனைச் சாதனத்தின் முதற் கடமை. நிரலுக்குப் பக்கத்தின் மீதுள்ள அதிகாரம் மிகப் பெரிது. அந்த அதிகாரத்தைத் தானே துறந்து, ஒரு விரலின் எல்லைக்குள் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் அதன் சாட்சியம் மதிப்புப் பெறுகிறது. வெப்டிரைவர் நியமத்தின் பிழைச் செய்திகள் அந்தத் துறவின் எழுத்து வடிவமாகவே எனக்குத் தோன்றுகின்றன.

நியமத்திலும் ஒரு போதாமை உண்டு. செயலிழக்கச் செய்யப்பட்டுச் சாம்பல் நிறத்தில் நிற்கும் பொத்தானை வெப்டிரைவர் சொடுக்கினால், பிழை ஏதும் எழுவதில்லை; விரல் அழுத்தினால் என்ன நடக்குமோ அதுவே, அதாவது ஒன்றுமே நடக்காமை, நடக்கிறது. மனிதர் அந்த நிறத்தைக் கண்டு காத்திருப்பார். நிரல் காணாமல் கடந்துபோகும். 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்னும் சாதனம் இவ்விஷயத்தில் ஓர் அடி முன்னே சென்று, உறுப்பு கண்ணுக்குத் தெரிகிறதா, அசைவற்று நிற்கிறதா, இயங்கும் நிலையில் உள்ளதா, அந்தப் புள்ளியில் நிகழ்வை அதுவே பெறுமா என்ற நான்கையும் தானே விசாரித்து, நான்கும் நிறைவேறும்வரை பொறுத்திருந்து சொடுக்குகிறது. அசைவற்று நிற்பதென்றால் என்ன என்பதற்கு அது கொண்டுள்ள இலக்கணம் எளிமையும் நயமும் வாய்ந்தது: திரை அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்படும் இரண்டு சட்டகங்களில் உறுப்பின் இடமும் அளவும் மாறாதிருந்தால் அது நிற்கிறது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 17 மில்லி வினாடி.

காலத்தைப் பற்றிய இந்தக் கவலை சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இத்தொழிலின் துன்பத்தில் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே தவணையில் வந்து சேர்ந்த காலம் போய், வந்து சேர்ந்த பக்கம் பின்னணியில் செய்திகளை வரவழைத்துத் தன்னைத் தானே மாற்றிக்கொண்டேயிருக்கும் காலம் இது. நிரல் சொடுக்க வரும் தருணத்தில் பொத்தான் இன்னும் தோன்றாமலிருக்கலாம். இதற்கு மாற்றாக முற்காலத்தில் கைக்கொண்ட உபாயம், ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்பு மூன்று வினாடி உறங்கு என்று நிரலுக்குக் கட்டளையிடுவது. ஆயிரம் சொடுக்குகள் கொண்ட சோதனைத் தொகுதியில் 3,000 வினாடி, அதாவது 50 நிமிடம், உறக்கத்திலேயே கழிந்துவிடும். வலையமைப்பு மந்தமான ஒரு நாளில் பொத்தான் நாலாவது வினாடியில் வந்தாலோ, அவ்வளவு உறங்கியும் பயனில்லை. குறித்த நிபந்தனை நிறைவேறிற்றா என்று சிறிது நேரத்திற்கு ஒருமுறை விசாரித்து, நிறைவேறிய கணமே மேற்செல்வதுதான் தக்க முறை. செலினியத்தின் காத்திருப்புக் கருவி, வேறு சொல்லாவிட்டால், அரை வினாடிக்கு ஒருமுறை விசாரிக்கிறது.

இவ்வாறு காலத்தைச் சரியாகக் கணிக்காத சோதனை, அதே நிரலின்மீது ஒருமுறை வெற்றியும் மறுமுறை தோல்வியும் காட்டும். தொழிலில் இதனை ‘ஃபிளேக்கி’ என்பார்கள். இலினாய் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2014இல், 51 திறமூலத் திட்டங்களில் இத்தகைய சோதனைகளைச் சீர்செய்த திருத்தங்களைத் திரட்டி வகைப்படுத்தியபோது, அவற்றுள் ஏறக்குறைய பாதிக்கு, ஒரு செயல் முடிவதற்குத் தக்கபடி காத்திராமையே காரணமாக இருந்தது. 2016இல் கூகிள் நிறுவனம் தன் சோதனைகளைப் பற்றி வெளியிட்ட கணக்கு இன்னும் சிந்திக்கத்தக்கது. அங்குள்ள சோதனைகளில் சுமார் 16 சதவீதம் ஓரளவேனும் இந்த நிலையாமையைக் கொண்டிருந்தன. ஓட்டங்களின் எண்ணிக்கையை நோக்கினால் நிலையற்ற முடிவுகள் 1.5 சதவீதம்தான். ஆனால் வெற்றியிலிருந்து தோல்விக்கு மாறிய சந்தர்ப்பங்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 84 சதவீதம் நிலையற்ற சோதனையோடு சம்பந்தப்பட்டிருந்தது. சிவப்பு விளக்கு எரியும்போது அது மெய்யான பிழையாக இருப்பதைவிடப் பொய்யாக இருப்பதே அதிகம் என்றால், மனிதர்கள் நாளடைவில் அந்த விளக்கைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். ஒரு சோதனைக்கு அதைவிடக் கேடான கதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உறுப்பைக் கண்டுபிடித்ததற்கும் அதைச் சொடுக்குவதற்கும் இடையிலான நுண்ணிய கால இடைவெளியிலும் அபாயம் உண்டு. வெப்டிரைவர் ஓர் உறுப்பைக் கண்டதும் அதற்கென ஓர் அடையாளத்தைத் தந்து, பின்னர் அந்த அடையாளத்தைக் காட்டியே அதை அழைக்கச் சொல்கிறது. 2013இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் போன்ற நூலகங்களால் எழுதப்பட்ட பக்கங்கள், தகவல் மாறும்போது, சில உறுப்புகளை அகற்றி அதே இடத்தில் அதே தோற்றமுள்ள புதிய உறுப்புகளை வைத்துவிடுகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. நிரலின் கையிலுள்ள அடையாளமோ, இடித்துவிட்டு அதே மாதிரியில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பழைய கதவிலக்கத்தை எழுதி அனுப்பிய கடிதம் போல, ‘அவ்வுறுப்பு இப்போது இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வருகிறது. பிளேரைட் அடையாளத்தைச் சேமிக்காமல், தேடும் முறையையே சேமித்துவைத்து, ஒவ்வொரு செய்கைக்கும் புதிதாகத் தேடிக்கொள்கிறது.

இவற்றையெல்லாம் விடச் சூட்சுமமான ஒரு சந்தர்ப்பமும் உண்டு. பக்கம் விரைவில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்பதற்காக, அதன் தோற்றத்தை முதலில் வழங்கியிலேயே ஆயத்தம் செய்து அனுப்பிவிட்டு, பொத்தான்களுக்குக் காது கொடுக்கும் நிரலைச் சற்றுப் பிந்தி அனுப்பி இணைப்பது இக்காலத்து வழக்கம். ‘ஹைட்ரேஷன்’ எனப்படும் அந்த இணைப்பு முடிவதற்கு முந்திய சில நூறு மில்லி வினாடிகளில், பொத்தான் தெரிகிறது, நிற்கிறது, மூடப்படாமல் இருக்கிறது, இயங்கும் நிலையிலும் இருக்கிறது. எல்லா விசாரணைகளிலும் தேறிவிடுகிறது. சொடுக்கும் முறைப்படி போய்ச் சேருகிறது. கேட்பார் மட்டும் எவரும் இல்லை. மனிதர் பக்கத்தை வாசித்துப் பொத்தானை நாடுவதற்குள் ஒரு வினாடியாவது கழிந்துவிடுவதால் பெரும்பாலும் அவருக்கு இது நேர்வதில்லை. சில மில்லி வினாடிகளில் சொடுக்கிவிடும் நிரலுக்கு அடிக்கடி நேர்கிறது. ஆகவே இதைச் சோதனையின் அவசரம் என்று தள்ளிவிடுவோர் பலர். நான் அவர்களோடு உடன்படவில்லை. மலிவான கைப்பேசியில், பலவீனமான சமிக்ஞையில், அந்தச் சில நூறு மில்லி வினாடிகள் பல வினாடிகளாக நீளுகின்றன. அங்கே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டுச் சலித்துப் போகிறவர் மனிதர்தான். காது இணைக்கப்படும்வரை பொத்தானைச் செயலிழந்த நிலையில் வைத்திருப்பது பக்கத்தை எழுதுவோரின் பொறுப்பு.

கடைசியாக, கண்டுபிடித்தல் என்ற முதற்படிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 1999இல் நியமமாக்கப்பட்ட எக்ஸ்பாத் என்னும் மொழியில், மூன்றாம் பகுதியின் இரண்டாம் பெட்டிக்குள் உள்ள முதல் பொத்தான் என்று ஒருவகை வழித்தடம் எழுதி உறுப்பைத் தேடுவது நெடுநாளைய பழக்கம். நடுவே ஒரு பெட்டி சேர்ந்தால் அவ்வழித்தடம் பொய்த்துவிடும் என்பது அதன் குறை. அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ள முறை, உறுப்பின் இடத்தை விட்டு அதன் பங்கையும் பெயரையும் கொண்டு தேடுவதாகும்: பங்கு பொத்தான், பெயர் ‘பணம் செலுத்து’. இந்தப் பங்கும் பெயரும் சோதனையாளருக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் பக்கத்தைப் பேசிக் காட்டும்போது, உலாவி அவற்றிடம் ஒப்படைக்கும் அதே தகவல்தான் இது.

இதன் பலன் எதிர்பாராத இடத்தில் விளைகிறது. பக்கம் எழுதுவோர் பலர், மெய்யான பொத்தானுக்குரிய குறியை எழுதாமல், வெறும் பெட்டியைக் குறிக்கும் ‘டிவ்’ என்ற குறியை எழுதி, அதற்கு வண்ணமும் வளைந்த விளிம்பும் கொடுத்து, சொடுக்கைக் கேட்கும் நிரலையும் அதில் இணைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு அது பொத்தான்தான், சுட்டெலிக்கும் பொத்தான்தான், வழித்தடம் எழுதித் தேடிய சோதனைக்கும் அது ஒரு குறையுமற்ற பொத்தான். திரைவாசிப்பானுக்கு மட்டும் அது பொத்தான் அல்ல; தட்டச்சுப் பலகையின் டேப் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அதன்மேல் கவனம் வந்து நிற்பதில்லை; சுட்டெலியைப் பிடிக்க இயலாத கைகளுக்கும் அது எட்டுவதில்லை. பங்கையும் பெயரையும் கொண்டு தேடும் சோதனை இந்தப் பெட்டியைக் காணமாட்டாமல் தோல்வியுறும்போது, எழுதியவர் ‘டிவ்’ குறியை எடுத்துவிட்டுப் பொத்தானுக்குரிய குறியை இட நேர்கிறது. அந்த ஒரு சொல் மாறியதும், வேறு எதுவும் எழுதாமலே, டேப் விசை அதன்மேல் வந்து நிற்கிறது; திரைவாசிப்பான் அதன் பெயரைச் சொல்லிப் பொத்தான் என்று அறிவிக்கிறது; என்டர் விசை அழுந்தும்போதும், இடைவெளி விசை விடுபடும்போதும், சுட்டெலி உண்டாக்கும் அதே சொடுக்கு நிகழ்வை உலாவி தானே உண்டாக்கி, காத்திருக்கும் அதே நிரலுக்கு அனுப்புகிறது.